கடலில் நனைத்த சாமை

மங்கம்மாள் ராமேஸ்வரம் போய் வந்தது எழுபத்தொன்பதாம் வருஷம், வைகாசி மாசம். ஜவ்வாது மலையில் அவள் ஊர் மொத்தமே இருபத்தேழு வீடு. அத்தனை வீட்டிலும் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது. செங்கம் சந்தையைத் தாண்டிப் போனவர்களே விரல் விட்டு எண்ணுகிற ஆட்கள்தான்.

அந்த ஆசைகூட முதலில் அவளுடையது இல்லை, புருஷன் லட்சுமணனுடையது. அவர் வருஷா வருஷம் புளியைக் கொண்டுபோய் செங்கத்தில் போட்டுவிட்டு, உப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி வருவார். சுவரோரம் மூட்டையை இறக்கி, கழுத்தை நீவிக்கொண்டே, "இது வர்ற எடத்த ஒரு நாளு பாத்துட்டு வந்துரணும் புள்ள" என்பார். இருபது வருஷம் இதையே சொன்னார். போன பாடில்லை. மார்வலி வந்து டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பாதி மலையிலேயே உயிர் போய்விட்டது. ரெண்டு வருஷம் கழித்து, புளி வியாபாரி கோபால்சாமி யாத்திரை பஸ் விடுகிறார் என்று காதில் விழுந்ததும் மங்கம்மாள் யாரையும் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டாள். கோயிலுக்குள் இருக்கிற இருபத்திரண்டு தீர்த்தத்திலும் அவர் பேரைச் சொல்லித் தலையில் தண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் எண்ணம்.

ஆனால் ஊர் சும்மா அனுப்புமா? அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. விதைப்புக்கு முந்தி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி சாமை விதையை அம்மன் கோயில் தண்ணியில் நனைத்து, நன்றாகக் காயவைத்து, மழை விழுந்ததும் மானாவாரிக் கொல்லையின் கிழக்கு மூலையில் முதலில் விதைப்பார்கள். அது முளைத்தால்தான் மற்ற இடத்தில் ஏர் இறங்கும். முளைக்காத கொல்லை அந்த வருஷம் தரிசு. எவ்வளவு பெரிய கொம்பனும் இதை மீறினதில்லை. ஏற்கெனவே ரெண்டு வருஷம் மழை ஏமாற்றி, குதிரில் விதையைத் தவிர ஒன்றும் இல்லாத காலம் அது. இந்தத் தடவை ராமேஸ்வரத்துக் கடலிலேயே நனைத்து வரட்டும் என்று ஊர்க்கவுண்டர் கோவிந்தன் சொல்லிவிட்டார். வீட்டுக்கு ஒரு பிடியாக இருபத்தேழு பிடி விதை மஞ்சள் துணியில் மூட்டையாகி அவள் மடிக்கு வந்தது.

செங்கத்தில் பஸ் ஏறினதிலிருந்து அந்த மூட்டையை அவள் கீழே வைக்கவில்லை. பக்கத்து சீட்டில் கண்ணமங்கலத்து ஜெயம்மாள். நல்ல மனுஷி, வாய்தான் ஓயாது. அப்போது பாம்பனில் ரோட்டுப் பாலம் கிடையாது. பஸ்ஸை மண்டபத்தில் நிறுத்திவிட்டு எல்லோரும் ரயில் ஏறினார்கள். ரயில் கடல்மேல் ஊர்ந்து போகும்போது, ரெண்டு பக்கமும் தண்ணியைப் பார்த்து மங்கம்மாள் மடி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயம் இல்லை. இந்த மனுஷன் பார்க்காமல் போய்விட்டாரே என்கிற துக்கம்.

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்கு எதிரே கடலில் இறங்கினாள். மூட்டையை ரெண்டு கையாலும் பிடித்து, ஊர் பேரைச் சொல்லி மூன்று முக்கு முக்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து முகத்தில் அடித்தது. வாய்க்குள் போன தண்ணி கரித்தது. மங்கம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

உப்பு சுமந்தவர் பெண்டாட்டி, உப்பு விளைகிற இடத்தைப் பார்க்கவென்றே வந்தவள், கடல் தண்ணி உப்பு என்பதை மறந்தாள் என்றால் இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல? சாமி தண்ணி என்று மட்டும்தான் அவள் புத்தியில் இருந்தது. அவள் வீட்டுச் சுவரோரம், லட்சுமணன் உப்பு மூட்டை இறக்கின இடத்தில், உப்பு சிந்திச் சிந்தி இருபது வருஷமாக ஒரு புல் முளைத்ததில்லை. இப்போது இருபத்தேழு கொல்லையும் அவள் கண்ணுக்கு அந்தச் சுவரோரமாகத் தெரிந்தன.

கோயிலுக்குள் முதல் கிணற்றுக்கு வந்தபோது, முன்னால் நின்ற ஜெயம்மாள் தலையில் ஊற்றின தண்ணி இவள் உதட்டில் தெறித்தது. கரிக்கவில்லை. மங்கம்மாள் சட்டென்று முடிச்சைத் தளர்த்தி மூட்டையை நீட்டினாள். வாளியோடு கிணற்று மேட்டில் நின்ற ஆள் தலையைக் காட்டச் சொன்னான். "இதுக்கு ஊத்துப்பா" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கிணறு கிணறாக இதே கதைதான். இருபத்திரண்டு வாளியும் சாமைக்கே போனது. அவளுக்கு வந்தது முழங்கையில் வழிந்ததுதான். மாமா, உன் பேர் சொல்லி ஒரு சொட்டு வாங்கிக்க முடியலையே, என்னை மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கிணறாக நடந்தாள்.

ஈரத்தோடு கட்டி வைத்தால் விதை புழுங்கிப் போகும். அதனால் மற்றவர்கள் லாரி ஏறி தனுஷ்கோடி பார்க்கப் போனபோது, அவள் சத்திரத்து மொட்டைமாடியில் சேலையை விரித்துச் சாமையைக் காயப்போட்டு, புறா விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ந்ததும் ரெண்டு விதையைப் பல்லில் கடித்துப் பார்த்தாள். லேசாக உப்பு இருக்கத்தான் செய்தது. அழுதாள். அழுது என்ன பண்ண, அள்ளி மூட்டை கட்டினாள்.

ஊர் திரும்பினதும் இருபத்தேழு வீடும் அவள் வாசலில் கூடிவிட்டது. கடல் எவ்வளவு பெரிசு, எப்படிச் சத்தம் போடும், ரயில் எப்படி விழாமல் போச்சு என்று ஒரே கேள்வி. தான் போகாத தனுஷ்கோடியைக்கூட, ஜெயம்மாள் சொன்னதை வைத்துக் கண்ணால் கண்ட மாதிரி சொன்னாள். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அவளை அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், அவளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அன்றைக்கு எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி வாங்கிக்கொண்டு போனார்கள். உப்பு விஷயத்தை மட்டும் அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்ல தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

ஆனியில் மழை விழுந்தது. மூலை விதைப்பு முடிந்தது. அன்றிலிருந்து மங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் கொல்லை கொல்லையாகப் போய்க் குனிந்து பார்ப்பாள். நாலு நாள் ஒன்றும் இல்லை. அஞ்சாம் நாளும் மண் மண்ணாகவே கிடந்தது. ஆறாம் நாள், லட்சுமணனின் தங்கச்சி பாஞ்சாலையின் கொல்லை மூலையில் மெல்லிசாகப் பச்சை தெரிந்தது. ஓடிப்போய் அடுத்ததைப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. இருபத்தேழையும் பார்த்துவிட்டு பாஞ்சாலை கொல்லைக்கே திரும்பி வந்து, ஈர மண்ணில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினாள்.

பாஞ்சாலை கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா அண்ணி நீ. வெதய கடிச்சுப் பாக்காம எவளாவது மண்ணுல போடுவாளா? வாயில வெச்சதுமே கரிச்சுது. எங்க வூட்ல மட்டும் இல்ல, எல்லா வூட்லயும் தெரியும்."

மங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்றாள்.

"இன்னாத்த கேக்குறது? கடலு கரிக்கும்னு எங்கண்ணன் எத்தினி வாட்டி சொல்லியிருக்கு. நீ நெசமாவே கடலுல நனச்சுதான் எடுத்தாந்திருக்கேன்னு எல்லாரும் கண்ணுல ஒத்திக்கினாங்க."

அந்த வருஷம் சாமை நன்றாக விளைந்தது. அறுப்பு முடிந்து புதுச் சாமை பொங்கின அன்றைக்கு, மங்கம்மாள் முதல் பிடியை இலையில் வைத்து, வீட்டுச் சுவரோரம் அந்தப் புல் முளைக்காத இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"பாத்துட்டு வந்துட்டேன் மாமா" என்றாள். "நீ சொன்ன மாதிரியேதான், கரிக்குது."