சொந்தக்காரர்களைப் படுக்க வைத்தவர்கள்

பஞ்சர் ஒட்டுகிறவனுக்கும் அவன் மனைவிக்கும் ஊர் சுற்றக் காசு கிடையாது. தகரக் கூரைக்கடியில் ஞாயிறு மதியம் உட்காரவும் முடியாது. அதனால் பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே ஏசி உண்டு, சத்தமில்லாமல் ஓடும் டிவி உண்டு. டிவியில் வருகிறவர்களுக்கு அவள் வசனம் பேசுவாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

வாசலில் காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்பார். வாரம் ஒரு சொந்தக்காரரைப் படுக்க வைப்பார்கள். அவனுடைய பெரியப்பாவுக்கு மூலம், அவளுடைய சித்திக்குக் காமாலை. குட்டு சீக்கிரமே வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் காவலாளி கேட்பதை விடவில்லை. புதுப் பொய்யைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை.

புதன்கிழமை அவள் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் அதே ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிடச் சொன்னார்.

ஞாயிறன்று அவன் ஃபிளாஸ்க்கோடு முன்வாசலுக்கு வந்தான்.

"இந்த வாரம் யாருக்குத் தம்பி உடம்பு சரியில்ல?"

"என் பொண்டாட்டிக்குண்ணே."

காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "வேற ஆளே கிடைக்கலையா உனக்கு? சரி, போ. அவ எங்க, பின்னாடி வர்றாளா?"

பழக்க தோஷத்தில் அவனும் திரும்பிப் பார்த்தான்.