ஆடி மாதத்தில் பாதியான பாயிண்டு

காரிமங்கலத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் கோகிலவாணிக்கு ஓசியில் ஒரு மிக்ஸி கிடைத்திருக்க வேண்டியது. கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்டுக்கு அதைத்தான் தருவதாக வங்கி சொன்னது. மிக்ஸி பிடிக்காவிட்டால் சூட்கேஸ். அவள் இரண்டையும் சீந்தவில்லை. அதே பாயிண்டை விமானக் கம்பெனியின் கணக்குக்கு மாற்றி டிக்கெட்டாக வாங்கினால் மூன்று மடங்கு பெறும் என்று செல்போனை நோண்டி நோண்டித் தெரிந்துகொண்டிருந்தாள்.

ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே. தவிடு, புண்ணாக்கு என்று கடைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் மொத்த வியாபாரியிடம் கார்டைத்தான் தேய்த்தாள். அக்கம்பக்கத்தார் கரண்ட் பில்லோ காலேஜ் ஃபீஸோ கட்டக் கிளம்பினால், "ரொக்கத்த என்கிட்ட குடுங்க, நான் கார்டுல கட்டிடறேன்" என்று வாசலிலேயே மடக்கிவிடுவாள். அந்த ரொக்கத்தில் கை வைத்ததே கிடையாது. கெடுவுக்கு முன்னால் வங்கியில் கட்டிவிடுவாள். ஒரு மாதம் வட்டி விழுந்தாலும் சேர்த்ததெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

இத்தனையும் மகள் வெண்மதிக்காக. அவள் மத்தியப் போலீஸ் படையில் சேர்ந்து ராஜஸ்தானில் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடக்கும் நாளில் பெற்றவர்கள் மைதானத்துக்குள் வந்து பிள்ளையின் தோளில் பேட்ஜ் குத்திவிடலாமாம். ரயிலில் போய்த் திரும்பினால் ஒரு வாரம் ஓடிவிடும். வீட்டில் கறவை மாடுகள். இரண்டு மூன்று நாள் என்றால் பக்கத்து வீட்டு சாலம்மாள் கறந்து தருவாள், ஒரு வாரம் என்றால் யார் தருவார்கள்? அதனால் கணவன் மாதேஸ்வரனோடு பெங்களூரிலிருந்து விமானத்தில் போய்வருவதென்று கோகிலவாணி முடிவு கட்டியிருந்தாள்.

அணிவகுப்பு புரட்டாசியில் என்று ஆடி பிறந்ததுமே தேதி வந்துவிட்டது. இரண்டு பேர் போய்வரப் பாயிண்டும் சரியாக இருந்தது. வாரக் கடைசியை விட்டுவிட்டு நடுவாரத்தில் விடிகாலை விமானம் பிடித்தால் பாயிண்டு குறைவாகப் பிடிப்பார்கள் என்பதுவரை பார்த்து வைத்திருந்தாள். அன்றைக்கே டிக்கெட் போட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

குறுக்கே வந்தவர் மாதேஸ்வரனின் அண்ணன் பச்சியப்பன். "ஆடியில யாராச்சும் புதுக் காரியம் தொடங்குவாங்களா? அதுவும் மொதமொதல்ல வானத்துல போற காரியம். ஆவணி பொறக்கட்டும்மா" என்றார்.

வெண்மதி படையில் சேரப் போனபோது, பொட்டப்புள்ள கையில துப்பாக்கியா என்று தெருவில் நின்று கத்தியவர் இதே பச்சியப்பன்தான். அன்று அவர் பேச்சைத் தூக்கி எறிந்த கோகிலவாணி இப்போது கேட்டுக்கொண்டாள். அவளுக்கும் உள்ளூரப் பயம். ஆடியில் போட்ட டிக்கெட்டில் ஏறி ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் வெண்மதிக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது.

வங்கிக்கு ஏது ஆடியும் ஆவணியும்? ஆகஸ்ட் பிறந்ததும் பாயிண்டின் மதிப்பைப் பாதியாக வெட்டிவிட்டது. முன்கூட்டியே செய்தி அனுப்பினார்களாம். லோன் வேண்டுமா, லோன் வேண்டுமா என்று வந்து குவிகிற குப்பைக்குள் அது கிடந்தது. ஆவணி பிறந்து, தலைக்குக் குளித்து, விளக்கேற்றி வைத்துவிட்டு செல்போனைத் திறந்தவள் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். இருந்த பாயிண்டில் ஒருவர்தான் போய்வர முடியும். இன்னொரு டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கலாமென்றால் பூஜை விடுமுறை விலை யானை விலையாக இருந்தது. கடை முதல் முழுக்க மூட்டைகளில் முடங்கிக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பச்சியப்பன் வந்தார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று பார்த்தால், மனிதர் சட்டைப் பையில் ஆதார் கார்டோடு வந்திருந்தார்.

"ஒருத்தர்தான்னா நானே போய்ட்டு வந்துடறேன். தம்பிக்கு இந்தி ஒரு வார்த்த தெரியாது. நான் பூனா வரைக்கும் லாரி ஓட்டினவன். பெரிய ஆபீசருங்க கூடற எடம், வூட்டுக்கு மூத்த ஆம்பள ஒருத்தன் போயி நிக்கணும்ல."

கோகிலவாணி கையிலிருந்த தீவன முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆவணி பொறக்கட்டும்னு சொன்னீங்க மாமா, கேட்டேன். பாதி போச்சு. அது என் புத்தி, உங்களச் சொல்லல. மிச்சத்த உங்களுக்குத் தர மாட்டேன்."

"அப்ப யாரு போறது, நீயா? தனியாவா? ஏர்போர்ட்டுல எந்தக் கதவுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுங்க. கேட்டுக்குவேன்."

"அப்பன் இருக்கயில ஆத்தா போயி நின்னா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"அப்பன் மாடு கறந்துகிட்டு இருக்காருன்னு சொல்லிக்கறேன்."

மாட்டுக் கொட்டகைப் பக்கம் மாதேஸ்வரன் பால் குண்டானோடு நின்றிருந்தான். அவனுக்கும் போக ஆசை, முகத்திலேயே தெரிந்தது. அண்ணனை எதிர்த்து அவன் பேசிப் பழகியதில்லை. "ஆதார்ல இருக்கற மாதிரியே பேரப் போடு, தப்பா போட்டுடாத" என்று மட்டும் மனைவியிடம் சொன்னான். அவளுக்கு அது போதும். அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து செல்போனைத் திறந்தாள்.

"இப்ப ராகு காலம்" என்றார் பச்சியப்பன்.

"தெரியும் மாமா" என்று சொல்லிவிட்டு, தன் பெயரில் டிக்கெட் போட்டாள்.

புரட்டாசியில் பெங்களூர் பஸ் ஏறினாள். விமான நிலையத்தில் கதவு தெரியாமல் மூன்று பேரிடம் கேட்டாள், மூன்று பேரும் காட்டினார்கள். விமானம் எழும்பியபோது பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

மைதானத்தில் தலைப்பாகை கட்டிய அப்பன்மார் நிறையப் பேர் இருந்தார்கள். வெண்மதி வெயிலில் கறுத்து, விறைப்பாக நின்றிருந்தாள். கோகிலவாணி பேட்ஜைக் கையில் எடுத்தபோது, மகள் முகத்தை அசைக்காமல் மெதுவாகச் சொன்னாள்:

"நீ டிக்கெட் போட்ட ஞாயித்துக்கெழம மத்தியானமே பெரியப்பா போன் பண்ணாரும்மா, நான்தான் வரேன்னு. அவரு வந்திருந்தா, எனக்கு யாரும் வரலன்னு எழுதிக் குடுத்துட்டுத் தனியா நின்னிருப்பேன்."

கோகிலவாணி பேட்ஜின் ஊசியைத் தோள்பட்டைத் துணியில் நுழைத்தாள். அழுதால் ஊசி மகளின் தோளில் ஏறிவிடும்.

"நேரா நில்லு" என்றாள்.