அண்ணன் ஓட்டிய கார், நான் வாங்கிய மார்க்

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனிக்குக் காசாளர் வேலை கேட்டுப் போனேன். அதற்குமுன் ஒரு ஜவுளிக்கடையில் பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள். கடையை இழுத்து மூடிவிட்டார்கள். எனக்குச் சம்பளம் வந்தால்தான் வீட்டு வாடகை. இன்டர்வியூவில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்று, என் கடன் கணக்கைப் பார்த்துக்கொள்ள நான் கொடுத்த சம்மதமாம்.

மறுபடி கூப்பிட்ட எச்.ஆர். தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

“மேடம், உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்ப கம்மியா இருக்கு.”

“அதுக்கும் கல்லாவுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“பணம் புழங்கற எடம் மேடம். கடன் நெருக்கடில இருக்கறவங்க கை வெச்சிடுவாங்களோன்னு ஒரு பயம்தான். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் என் பர்ஸிலிருந்து போட்டவள் நான். இந்தக் கம்பெனி சம்பளத்தை ஒழுங்காகப் போடுகிறதா என்று நான் யாரிடம் போய் மார்க் கேட்பது? வேலை வேண்டுமே என்று வாயை அடக்கிக்கொண்டு, எந்தக் கடன் என்று மட்டும் கேட்டேன். கார் கடனாம். தவணைகள் தாமதம், கடைசி சில தவணைகள் கட்டவே இல்லையாம்.

எனக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது.

வெளியூரில் சொந்தக்காரர்கள் உள்ள பாண்டிச்சேரிக்காரர்களுக்கு விஷயம் இந்நேரம் புரிந்திருக்கும். இங்கே வண்டிக்கு வரி குறைவு. அதனால் நம் பேரில், நம் விலாசத்தில் வண்டி எடுத்து அவர்கள் ஊரில் ஓட்டுவார்கள். சென்னையிலிருக்கும் என் பெரியப்பா மகனும் அப்படித்தான் வந்தார். “பேருதாம்மா உன்னுது, தவணைய நான் கட்டிக்கறேன்” என்றார். வண்டி என் பேரில் என்றால் கடனும் என் பேரில்தான். அண்ணனிடம் போய் யாராவது தவணை கட்டிய ரசீது கேட்பார்களா? கையெழுத்தும் போட்டு, காபியும் போட்டுக் கொடுத்தேன். எனக்குத் தொந்தரவு வேண்டாமென்று பேங்கில் தன் போன் நம்பரையே கொடுத்துவைத்தார். எவ்வளவு நல்ல மனசு!

இதையெல்லாம் சொன்னபோது எச்.ஆர். தம்பி சிரிக்கவில்லை. அவர் அப்பா பேரிலும் கடலூரில் ஒரு வண்டி ஓடுகிறதாம். “பாக்கிய கட்டி, திங்கக்கெழம ரசீதோட வாங்க. பேசிப் பாக்கறேன்” என்றார்.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். மாதம் ஒருமுறை தவறாமல் வருவார். பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே சரக்கும் விலை குறைவு. மறுநாள் காலை கிளம்பும்போது கார் சாவியைத் தேடினார். அது என் இடுப்பில் இருந்தது.

“பாக்கிய கட்டு. சாவி தரேன்.”

“அடுத்த மாசம் மொத்தமா கட்டிடறேம்மா. அண்ணன நம்பமாட்டியா?”

“உன்ன நம்பித்தான் எனக்கு வேல போவுது.”

கத்தினார். இனி இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றார். நான் அசையவில்லை. கடைசியில் போனை எடுத்து, நின்ற இடத்திலேயே மொத்தப் பாக்கியையும் கட்டினார். பணம் இருந்திருக்கிறது! கஷ்டத்தில் தவறவிட்டார் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். என் பேர்தானே கெடுகிறது என்று விட்டிருக்கிறார். அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகச் சொன்னேன்.

திங்கட்கிழமை ரசீதோடு போனேன். வேலை கொடுத்தார்கள். ஆனால் பில் எழுதும் வேலை, சம்பளமும் கொஞ்சம் கம்மி. “கல்லா சாவி மட்டும் கொஞ்ச நாள் போவட்டும்னு மேலிடத்துல யோசிக்கறாங்க மேடம்” என்றார் தம்பி. பணத்தைக் கட்டிய பிறகும் என்ன யோசனை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். “அதான் கட்டிட்டேனே, இன்னும் ஏம்மா சாவி தரமாட்டேங்கற?”

“மேலிடத்துல யோசிக்கறாங்கண்ணா” என்றேன்.