வெள்ளத்து மையும் ஓட்டு மையும்

இந்த குரூப்பில் எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் படித்துவிட்டு லைக் போட்டுப் போகிறவள். எழுத வரும் என்று எழுதவில்லை... ஒரு குழப்பம் இத்தனை வருஷமாகத் தீரவில்லை, அதனால்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேராங்கொட்டைப் பால் தெரியுமா? சலவைக்காரர் துணியில் குறி போடுவது. கறுப்பாக, பிசுபிசுவென்று, லேசான கருகல் வாசனையோடு இருக்கும். நகத்தில் பட்டால் நகம் வளர்ந்து போகும்வரை போகாது. தோலில் பட்டால் கொப்புளம்.

அறுபதுகளில் ஒரு ஐப்பசி அடைமழை. உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர் ஏரி உடைந்து, எங்கள் காலனியில் ஒரு குடிசை நிற்கவில்லை. எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் போய் ஒண்டினோம். முதலில் வந்தது எதிர்க்கட்சிப் பையன்கள், மாட்டுவண்டியில் டிரம் நிறையக் கஞ்சியோடு. சர்க்கார் அரிசி லாரி செங்கல்பட்டிலிருந்து வரும் வரும் என்றார்கள்... தண்ணீர் வடிந்த பிறகுதான் வந்தது.

ஒருவரே இரண்டு முறை அரிசி வாங்கிவிடக் கூடாதென்று விரலில் மை வைத்தார்கள். அது மழையில் கரைந்துபோனது. அப்புறம் தலையாரி யோசனைப்படி, ஈர்க்குச்சியால் தொட்டு, இடது ஆள்காட்டி விரல் நகத்தில் சேராங்கொட்டை வைத்தார்கள். பக்கத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் நின்று, "நம்ம சின்னத்த மறந்துடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசியில் தேர்தல். நான் அப்போதுதான் டிகிரி முடித்து டீச்சராகியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறியது நான் ஒருத்திதான். பெண்கள் பூத்துக்கு வரவேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் என்னை உட்கார வைத்தார்கள். விரலில் மை வைக்கிற வேலை. தலை நிமிராமல் செய்தேன்.

மத்தியானம்வரை காலனியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. சாப்பாடு கொண்டுவந்த அம்மாவை வாசலில் வைத்துக் கேட்டேன்.

"நாங்கதான் அன்னிக்கே போட்டுட்டமே. மை வெச்சி, சின்னத்த சொல்லி, அரிசி குடுத்தாங்க இல்ல? ஒரு வெரலுக்கு எத்தினி தபா ஓட்டு?"

பூத் அதிகாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நல்ல மனுஷர். வரச் சொல்லும்மா, பார்க்கலாம் என்றார். அம்மா போய்த் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனால் ரூல் என்ன? அந்த விரலில் மை இருந்தால் ஓட்டுச் சீட்டு கிடையாது. எல்லோர் நகமும் கறுப்பு.

ஆளுங்கட்சி ஏஜென்ட் முதலில் உருகினார். ஏழை ஜனம் சார், எங்க அரிசி சாப்பிட்டவங்க, விடுங்க என்றார். எதிர்க்கட்சி ஏஜென்ட், மை மைதான், விடக் கூடாது என்றார்.

வரிசையிலிருந்து என் சின்னம்மா சொன்னாள்: "இன்னா அரிசி நைனா அது? எங்களுக்கு முன்னாடியே புழு பந்தில குந்திக்கினு இருந்திச்சி."

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆளுங்கட்சிக்காரர் முகம் மாறியது. ரூல்னு ஒண்ணு இருக்கே சார் என்றார். உடனே எதிர்க்கட்சிக்காரர், பாவம் சார், நகத்துலதானே கீது என்றார்.

பின்னாலிருந்து ஒரு கிழவி: "புழு இருந்தா இன்னா? ஒலையில போட்டா சோறுதான். அது வரலன்னா எம் பேரன் இல்ல."

மறுபடி இரண்டு பேரும் கட்சி மாறினார்கள்.

அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. சொல்லும்மா, இது எந்த மை?"

ஆண்கள் நடுவில் நான் வாய் திறந்ததே இல்லை. காலையிலிருந்து இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தேன். டீச்சர் என்று நினைப்பவர்கள் நிவாரண அரிசி வாங்கினவள் என்று நினைக்க வேண்டாமே என்றுதான். கையை மேஜைமேல் வைத்தேன்.

"வெள்ளத்து மை சார். எனக்கும் வெச்சாங்க."

அதிகாரி குனிந்து என் நகத்தைப் பார்த்துவிட்டு, அப்போ எல்லோருக்கும் நடுவிரலில் வைம்மா என்றார். அம்மாதான் முதலில் சீட்டு வாங்கினாள்.

ஆளுங்கட்சிக்காரர் தோற்றார். அரிசி லேட்டாக வந்ததால் தோற்றார் என்று டீக்கடையில் பேசினார்கள். அந்த அரிசியும் வராமலிருந்தால் இன்னும் மோசம் என்றும் பேசினார்கள். எதை நம்புவது? அம்மாவிடம் கேட்டேன். "கஞ்சியும் குடிச்சோம், அரிசியும் துன்னோம். ஏரிக்கரைய ரெண்டு பேரும் கட்டல" என்றாள். யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் கரை கட்டினார்கள்... ஜெயித்தவர் கட்டினாரா, தோற்ற பயத்தில் மற்றவர் முடுக்கிவிட்டாரா, அதுவும் எனக்குத் தெளிவில்லை.

இப்போது நிவாரணம் நேராக பேங்க் கணக்குக்கு வருகிறது. கொடுக்கிற பையில் தலைவர் முகமே அச்சடித்து வருகிறது. கொடுத்தவர் யார் என்று சந்தேகமே இல்லை. அன்றைக்கு அதுகூடத் தெரியாமல் நின்றோம். ஆனாலும் போன மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது, பால் பாக்கெட் கொடுத்தவரை நினைப்பதா, கால்வாயைத் தூர் வாராமல் விட்டவரை நினைப்பதா என்று அதே குழப்பம்தான் எனக்கு. படித்தும் பிரயோஜனமில்லை, பாருங்கள்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். அடுத்த தேர்தல் வருகிறது. முட்டி வலியால் தனியாக நடக்க முடியவில்லை. பிள்ளைகள் வெளியூரில். பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது அன்றைக்கு என்னை பூத்வரை கூட்டிப்போக முடியுமா? யாருக்குப் போடணும் என்று மட்டும் வழியில் சொல்லாமல் வரவேண்டும்.