நிற்கக் கூடாத லாரி

கோபம் வந்தால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். அதனால் எல்லைச் சாவடியில் எல்லோரும் அவரை மிளகாய் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார், சமாதானமாக இருக்கும் நாட்களில். மற்ற நாட்களில் 'இந்த மனுஷன்'.

மிளகாய் ஓட்டியது கோழிக்குஞ்சு லாரி. பொரித்த அன்றே குஞ்சுகளைத் துளை போட்ட பெட்டிகளில் அடுக்கி, எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டின் சரக்கு யார்டு வரை கொண்டுபோக வேண்டும். அங்கே காத்திருக்கும் வேனில் பெட்டி பெட்டியாகக் கைமாற்றிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி வைக்க அவருடைய பாஸில் அனுமதி கிடையாது. வருஷக்கணக்காக அந்த நாட்டுக்குப் போய் வந்தவர் அங்கே பார்த்ததெல்லாம் ஒரு சிமென்ட் தரையும் ஒரு தகரக் கொட்டகையும்தான். வேனோடு வரும் பண்ணைக்கார அம்மாவை அவர் அக்கா என்பார். அந்த நாட்டில் அவருக்கு இருந்த ஒரே உறவு அது.

இந்த லாரி நிற்கக் கூடாது. ஓடினால்தான் பெட்டிகளுக்குள் காற்று புகும். நின்றுவிட்டால் குஞ்சுகளின் சூடே குஞ்சுகளைத் தின்றுவிடும். டீ குடிக்கக்கூட மிளகாய் வண்டியை நிறுத்த மாட்டார். கடைக்காரர் கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாக நீட்டுவார்.

அப்படிப்பட்டவரைத்தான் அன்று காலை கேட்டில் மறித்தார்கள். சரக்குச் சோதனை முடிந்து முத்திரையும் விழுந்துவிட்டது. கேட்டு மட்டும் திறக்கவில்லை. கேட்டுக்கு நடுவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இரண்டு நாட்டு அமைச்சரும் வர்றாங்கண்ணே. வர்த்தக ஒப்பந்தம்" என்றார், அவருக்கு அனுமதி வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் ஏஜென்ட்.

"ஒப்பந்தத்துல என்ன இருக்காம்?"

"இனிமே எல்லையில சரக்கு வண்டி தேங்கவே கூடாதாம்."

"அதுக்கு எங்கள நிறுத்தி வெச்சிருக்காங்களா?"

"என்கிட்ட ஏன் கத்துறீங்க? நானா பந்தல் போட்டேன்?"

கத்தக் காரணம் இருந்தது. முந்தைய வருஷம் இரண்டு அரசுகளும் முறுக்கிக்கொண்டு, அறிக்கைமேல் அறிக்கை விட்டு, ஒரே நாளில் கேட்டை இழுத்து மூடின. அன்று மிளகாயின் வண்டியில் இருந்த குஞ்சு ஒன்றுகூடத் தப்பவில்லை. குழி தோண்டிப் பெட்டிகளைக் கவிழ்த்தவர் அவர்தான். சண்டை போட்டாலும் சாவது குஞ்சு, கைகுலுக்கினாலும் சாவது குஞ்சு என்றால் மனுஷனுக்கு ரத்தம் கொதிக்காதா?

கேட்டுக்கு இந்தப் பக்கத்து யார்டுக்குள்ளேயே வண்டியை வட்டமடிக்க ஆரம்பித்தார். வரிசையில் நின்ற வெங்காய லாரிக்காரர்களும் சிமென்ட் லாரிக்காரர்களும் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் சுற்றுவதற்கு இடம்விட்டுத் தங்கள் வண்டிகளை ஒதுக்கினார்கள்.

மனைவியிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"யார்டுல சுத்திக்கிட்டு இருக்கேன்."

"சாப்பிட்டாச்சா?"

"இல்ல."

"யாரையாவது அடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப சாப்பிடுங்க முதல்ல."

வெயில் ஏறிய நேரத்தில், வாக்கி டாக்கியும் கோட்டுமாக விழா அதிகாரி ஒருவர் கையைக் காட்டிக்கொண்டு வந்தார். மிளகாய் வேகத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை. அதிகாரி பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வர வேண்டியதாயிற்று.

"டிரைவரே, நீங்க அதிர்ஷ்டக்காரர். அமைச்சர்கள் கொடியசைச்சு அனுப்பப்போற முதல் வண்டி உங்களோடதுதான். பெயின்ட் பளபளன்னு இருக்கு."

"எப்ப சார்?"

"இதோ, வந்துடுவாங்க. பெட்டியெல்லாம் இறக்கிடுங்க. இந்தக் கீச்சுக்கீச்சு மைக்குல விழும்."

"வெறும் வண்டியவா அனுப்பப்போறீங்க?"

"எல்லைக் கோட்டைத் தாண்டி நின்னா போதும். போட்டோ எடுத்ததும் ரிவர்ஸ்ல வந்துடணும். மத்த போக்குவரத்தெல்லாம் விருந்து முடிஞ்சு சாயங்காலமா பாத்துக்கலாம்."

"பெட்டி இறங்காது சார். இறக்கணும்னா வேற வண்டியப் பாத்துக்குங்க."

அதிகாரி வரிசையைப் பார்த்தார். எல்லா வண்டிகளும் சேறும் புழுதியுமாக நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு, பெட்டிகளைப் பேனரால் மூடிவிடச் சொன்னார். சாயங்காலம் வரை காத்திருப்பதைவிட இது மேல் என்று மிளகாய் வண்டியை நிறுத்தினார். நான்கு பேர் வந்து லாரியின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். 'தடையற்ற வணிகம், தழைக்கும் நட்பு.' காற்று வரும் வழியெல்லாம் அந்த எழுத்துக்கு அடியில் போய்விட்டது.

மிளகாய் பந்தலுக்கு முன்னால் போய் நின்றார். நிற்க வைத்தார்கள். அமைச்சர்கள் தாமதமாக வந்தார்கள். வந்ததும் பேசினார்கள். முதலீடு என்றார்கள், வளம் என்றார்கள், சகோதர நாடு என்றார்கள். ஒருவர் முடித்ததும் மற்றவர் அதையே திருப்பிச் சொன்னார். கைதட்டலுக்கு நடுவில் மிளகாயின் காது முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. காலையிலிருந்து ஓயாமல் கத்திய குஞ்சுகளின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. குஞ்சு கத்தினால் பயமில்லை. அடங்கினால்தான் பயம்.

கீழே குதித்தார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, 'தழைக்கும்' என்ற எழுத்தை மேலிருந்து கீழாகக் கிழித்தார். மறுபக்கம் போய் 'தடையற்ற' என்பதையும் கிழித்தார். கேமராக்கள் திரும்பின.

"யோவ், என்னய்யா பண்ற?" அதிகாரி அடிக்குரலில் சீறினார்.

"மூச்சு விட வழி பண்றேன். கொடிய ஆட்டச் சொல்லுங்க சார், இல்ல ஆட்டாமலே போயிடுவேன்."

ஆட்டினார்கள். கேட்டு திறந்தது. வண்டி பந்தலுக்கு அடியில் புகுந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. போட்டோக்காரர்கள் ஓடினார்கள். "ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரிவர்ஸ் கியர் பக்கம் மிளகாயின் கை போகவே இல்லை. அந்தப் பக்கத்துக் காவலர்கள் விழாவில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்து விறைப்பாக சல்யூட் அடித்தார்கள்.

அந்தப் பக்கத்து யார்டில் வேனுக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தார்.

"என்ன தம்பி, வண்டிக்குச் சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்க?"

"அப்புறம் பேசலாம்க்கா. பெட்டிய வாங்குங்க."

மேல் வரிசைப் பெட்டிகள் வெளிக்காற்று பட்டதும் கத்தத் தொடங்கின. நடுவரிசை சற்றுப் பொறுத்துக் கத்தியது. அடிவரிசையில் கைவைத்த அக்கா, மூடியைத் திறந்துவிட்டு உடனே மூடினார். அந்த வரிசையை இரண்டு பேருமாக வேனில் ஏற்றாமல் ஓரமாக அடுக்கினார்கள்.

மறுநாள் இரண்டு நாட்டுப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. கிழிசல் தெரியாதபடி பார்த்து வெட்டியிருந்தார்கள். ஒப்பந்தத்தின் முதல் சரக்கு எல்லை தாண்டியது என்று போட்டிருந்தார்கள். தாண்டியது உண்மைதான். தாண்டவைத்தவரின் பாஸை விழா நடந்த மாலையே பறித்துவிட்டார்கள் என்பதுதான் அதில் இல்லை.

அடுத்த வாரம் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுங்கண்ணே. பாஸ் திரும்பக் கொடுத்துடறாங்களாம்."

மனைவி, வழக்கமாக அடக்கிப் பேசச் சொல்கிறவர், அன்று கதவருகே நின்று புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கலாம்" என்றார் மிளகாய். "அடிவரிசைப் பெட்டிக்கு அவங்க முதல்ல பதில் சொல்லட்டும். அப்புறம் நான் கேக்கறேன்."

இன்றும் அவர் கேட்டு வரைதான் ஓட்டுகிறார். பாஸ் உள்ள இன்னொரு டிரைவர், ஓடும் வண்டியிலேயே மறுபக்கக் கதவு வழியாக ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார். மிளகாய் இறங்கி, முன்னால் ஓடிப்போய், கேட்டை இரண்டு கையாலும் அடிக்கிறார்.

"தொறங்கய்யா!"