ஷமீம் மேடத்தின் கட்சி

முதல் மணி அடிக்கும் முன்பே ரபீக் கல்லூரி வாசலில் நின்றிருந்தார். கள்ளக்குறிச்சி கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். எங்கள் ஆங்கிலத் துறை ஷமீம் மேடத்தின் தம்பி. கடை திறக்கிற நேரத்தில் இங்கே ஏன் வந்தார் என்று நினைத்தபடியே அவரிடம் போனேன்.

“அக்கா மவுத்தாயிட்டாங்க சார். ‘சாருக்கு போன் பண்ணாத, நேர்ல போய் சொல்லு’ன்னு சொல்லிக்கினே இருந்தாங்க.”

சாவிலும் மேடம் என்னிடம் வாதாடி ஜெயித்துவிட்டார்.

அவரோடு பழகியவர்களுக்கு எங்கள் சண்டை தெரியும். அவர் கிரேக்க சோக நாடகக் கட்சி. நான் எலிசபெத் காலத்து ஆங்கில நாடகக் கட்சி. சங்கராபுரம் பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவோம். அவருடைய மேடையில் கொலை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும். தூதன் வந்து சொல்வான், ஊரார் கூடி அழுவார்கள். என்னுடையதில் கத்தியும் ரத்தமும் நம் முன்னாலேயே. நடுவில் ஒருவன் சிரிக்கவும் வைப்பான். “எழவு வூட்ல டீ கொடுக்கறவன் ஜோக் அடிக்கிறதில்ல? அதான் மேடம் வாழ்க்கை” என்பேன். “பாத்தது மறந்துடும் சார். கேட்டது உள்ளயே உக்காந்துக்கும்” என்பார்.

ஒரு கல்லூரி விழாவில் ஒரே கதையை இரண்டு விதமாகவும் போட்டோம். என் ராஜா குத்துப்பட்டுக் குங்குமத் தண்ணீரில் விழுந்தான். விசில் பறந்ததும் பிணம் எழுந்து கும்பிட்டது! மேடத்தின் முறை வந்தபோது கல்வராயன் மலை மாணவி ஒருத்தி தனியாக வந்து, ராஜா உள்ளே இறந்ததைச் சொன்னாள். அரங்கில் இருமல்கூட இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் மேடம் சொன்னார்: “உங்காளு எழுந்து கும்புடு போட்டுட்டான். என்னாளு இன்னும் எழுந்துக்கல சார்.”

நோய் வந்தபோதும் அதே சண்டைதான். மாதக்கணக்கில் வலியை மறைத்தாரே என்று எனக்குக் கோபம். என் நாடகங்களில் மனிதன் தன் குணத்தால்தான் கெடுவான், நீங்களும் அப்படித்தான் என்றேன். மேடம் சிரித்தார். “இது எப்பவோ எழுதினது. நான் இன்னா பண்ணியிருந்தாலும் இங்கதான் வந்து நின்னிருக்கும். நீங்க பாக்க வராதீங்க சார். உள்ளயே நடக்கட்டும்.” நான் போகவில்லை. அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று கேட்காதீர்கள்.

அன்று ரபீக்கை அனுப்பிவிட்டு மேடத்தின் வகுப்புக்குப் போனேன். விஷயம் தெரியாத பிள்ளைகள், “மேடம் எப்ப சார் வருவாங்க?” என்றார்கள். நான் சொன்னேன். வகுப்பே அழுதது. இத்தனை வருஷம் நாடகம் நடத்தியவனுக்குத் தூதன் வேலை இவ்வளவு கொடியது என்று தெரிந்திருக்கவில்லை.

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். உறவல்லாத ஆண்களுக்கு அங்கே மய்யித்தின் முகத்தைக் காட்டுவதில்லை. உள்ளே பெண்கள் அழுதார்கள். நான் தெருவில் செருப்புகளுக்கு நடுவே, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருந்தது. சந்தூக்கைத் தூக்கியபோது நானும் தோள் கொடுத்தேன். கனமே இல்லை.

மேடம் சொன்னது சரிதான். பார்க்காதது உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. எனக்கு மிஞ்சியது அந்தச் சாத்திய கதவுதான். விசிலுக்கு எழுந்துவிடுகிற பிணங்கள் என் கட்சியில்தான் உண்டு. மேடம் கடைசிவரை கட்சி மாறவே இல்லை.