மேலத்தெருவில் மெதுவாக

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் விக்னேஷ் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க ஆவரேஜ் என்ன?" என்று கேட்டான். அவன் எங்கள் சைக்கிள் குழுவின் தலைவன். நான் ஓய்வுபெற்ற கிராம நர்ஸ். முட்டி மடங்காமல் போவதற்குள் சைக்கிள் ஓட்டச் சொல்லி என் மகன் ஒரு புது வண்டியை வாங்கிக் கொடுத்து, தஞ்சாவூரில் இந்தக் குழுவிலும் என் பெயரைக் கொடுத்துவிட்டான். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு. ஒரு பல் மருத்துவர், வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், நான். எல்லோர் வண்டியிலும் சராசரி வேகம் காட்டுகிற ஒரு கைபேசியைக் கட்டிவைத்திருக்கிறார்கள். எல்லோர் கண்ணும் அதில்தான். ரோட்டில் மாடு குறுக்கே வந்தால்கூட நான்தான் கத்த வேண்டியிருக்கிறது.

அன்றைக்குத் திருக்காட்டுப்பள்ளி வரை போனோம். தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். காவிரி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஒரு ஆளாவது நின்று பார்க்க வேண்டுமே! நின்றால் ஆவரேஜ் விழுந்துவிடுமாம். பாலத்தில் நான் மட்டும் நின்றேன். விக்னேஷ் திரும்பி வந்து பொறுமையாக விளக்கினான்.

"புதுசா ஓட்டுறவங்க மொதல்ல ஸ்பீடு ஏத்தணும் ஆன்ட்டி. அப்பத்தான் என்ஜாய் பண்ண முடியும்."

என்ஜாய் பண்ணிக்கொண்டிருந்தவளை நிறுத்தி, எப்படி என்ஜாய் பண்ணுவது என்று பாடம் எடுக்கிறான். எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல. ஆனாலும் நல்ல பிள்ளை. என் வண்டிச் சங்கிலி கிறீச்சிடுகிறது என்று தானே குனிந்து எண்ணெய் விட்டுக் கொடுத்தான்.

அந்த எண்ணெய் வாடையோடு டெட்டால் வாடையும் சேர்ந்திருந்தால் என் முதல் சைக்கிள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய பழைய லேடீஸ் வண்டி. கேரியரில் என் பிரசவப் பெட்டி. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊரையும் சுற்றுப்பட்டுக் கிராமங்களையும் என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். வெட்டாற்றங்கரையில்தான் ஓட்டப் பழகினேன். தாவணி போட்ட வயதையெல்லாம் தாண்டிய பிறகு புடவையோடு பழகியதால் வாய்க்காலில் விழுந்த கதைகள் நிறைய உண்டு. நடவுப் பெண்கள் நிமிர்ந்து நின்று சிரிப்பார்கள். எங்கள் பக்கம் மேடு பள்ளம் கிடையாது. ஆடிக் காற்று எதிரே அடித்தால் அதுதான் எங்களுக்கு மலை. கரையிலிருந்து ஊருக்குள் இறங்குகிற ஒரே ஒரு சரிவில் மிதிக்காமலே வண்டி ஓடும். அதற்காகவே வேலை இல்லாத நாளிலும் கரைக்குப் போவேன். எத்தனை வேகத்தில் போனேன் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

இறங்கினேனா என்றுதான் கேட்டார்கள். சரிவு இறங்கினால் மேலத்தெரு. மிராசுதார் வீடும் அவர் பங்காளிகள் வீடுகளும் இருந்த தெரு. அப்பா அவருடைய பண்ணையாள். கீழத்தெருவில் எங்கள் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதுதான். எங்கள் தெரு ஆட்கள் யாராக இருந்தாலும் மேலத்தெரு முனையில் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த முனைவரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சர்க்கார் சம்பளம் வாங்குகிற நானும் தள்ளினேன். ஏறினால் அப்பாவின் கூரை போய்விடும். வலங்கைமான் பொதுக்கூட்டத்தில் சமத்துவத்தை அடுக்குமொழியில் பொழிவார்கள். நாங்களும் விசில் அடித்துவிட்டு வந்து, முனையில் இறங்கித் தள்ளுவோம்.

ஒரு வருஷம் அறுவடைக் கூலிக்காகச் சண்டை நடந்தது. கீழத்தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி ஏறியது. வெளியூர் ஆட்களை வைத்து அறுப்பேன் என்று மிராசுதார் ஒற்றைக் காலில் நின்றார். போலீஸ் வேன் வந்து போகும். இரண்டு தெருவுக்கும் பேச்சு வார்த்தையே நின்றுபோன நேரம். அப்போது பார்த்து அவர் மகளுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது. கும்பகோணத்துக்கு டாக்டரை அழைத்து வரப்போன கார் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

வேகமாகத்தான் போனேன். விக்னேஷ் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பான். ஆனால் மேலத்தெரு முனை வந்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. செருப்பைக் கழற்றக் குனிகிறேன், வாசலிலிருந்து மிராசுதார் கத்துகிறார்.

"என்னம்மா தள்ளிக்கிட்டு நிக்கிற? ஏறி வாம்மா! உள்ள உசுரு போவுது!"

ஏறினேன். அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போன கீழத்தெரு ஆள் நான்தான் முதல். அதை நினைத்துச் சந்தோஷப்பட நேரமில்லை. குழந்தை கால் பக்கம் திரும்பியிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. பிரசவ அறைக்குள் நுழைய என் சாதி ஒரு தடையாக இல்லை, கவனியுங்கள். வெளியே சைக்கிள் சீட்டில் உட்காரத்தான் தடை.

மறுநாள் தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போனேன். ஏறியேதான் போனேன். முனையில் பண்ணையின் காரியக்காரர் கையை நீட்டி மறித்தார். மிராசுதார் நினைப்பதற்கு முன்பே அதைச் செய்து முடிக்கிற மனிதர்.

"இறங்கு."

"நேத்து ஐயாதான் ஏறி வரச் சொன்னாங்க."

"நேத்து அவசரம். இன்னைக்கு என்ன அவசரம்?"

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் வீட்டுப் பிள்ளைக்காக என்றால் நான் பறந்து வரலாம். எனக்காக என்றால் தள்ள வேண்டும்.

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க. மெதுவாத்தான் போறேன்."

போனேன். வண்டி சாயாமல் எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக. வேப்பமரத்தைப் பார்த்தேன். தூண்களைப் பார்த்தேன். அத்தனை நாள் தலையைக் குனிந்து தள்ளியதில் அந்தத் தெருவை நான் பார்த்ததே இல்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். எனக்குப் பயம்தான். ஆனால் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தச் சரிவிலும் அனுபவித்ததில்லை.

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். மகளை அடக்கு, இல்லையென்றால் மனையைக் காலி பண்ணு என்று சொன்னது வேறு ஆட்கள் மூலமாகத்தான் பிறகு எனக்குத் தெரிந்தது. அப்பா திரும்பி வந்தார். திட்டு விழும் என்று நான் அடுப்படியிலேயே நின்றேன். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "விழாம ஓட்டு பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

பண்ணை வேலை போயிற்று. குடிசையைத் தொட்டால் சங்கம் சும்மா விடாது என்று தெரிந்ததால் தொடவில்லை. அப்பா ஊர் ஊராகக் கூலிக்கு நடந்தார். சர்க்கார் குடியிருப்பு மனைக்குப் பட்டா தரப்போகிறது என்றார்கள். நாங்கள் நம்பவில்லை. ஒருநாள் நிஜமாகவே வந்தது. வலங்கைமான் தாலுகா ஆபீசுக்கு அப்பாவைக் கேரியரில் வைத்து ஓட்டிக்கொண்டு போய் வாங்கினேன். வழியெல்லாம் பட்டாவை வேட்டி மடிப்பில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மேலத்தெரு முனையில் திடீரென்று வண்டி லேசானது. திரும்பிப் பார்த்தால் அப்பா கீழே நிற்கிறார், செருப்பு கையில்.

"இன்னும் என்னப்பா பயம்? பட்டா மடியில இருக்கு. ஏறுங்க."

"பயமெல்லாம் இல்ல பாப்பா. காலு தானா இறங்கிடுச்சு. நீ போ, நான் பின்னாலயே வரேன்."

எத்தனை கெஞ்சினாலும் ஏறவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவர் நடைக்குத் தக்கபடி ஓட்டினேன். அப்புறம் எத்தனையோ தடவை அவரைக் கேரியரில் ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முனையில் இறங்கி, தெரு முடிந்ததும் ஏறிக்கொள்வார். நான் முணுமுணுப்பேன். அவர் சிரிப்பார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். மேலத்தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மிராசு நிலத்தில் பாதி மனைக்கட்டாகிவிட்டது. காரியக்காரர் வீட்டைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கீழத்தெருப் பெண்பிள்ளைகள் சர்க்கார் கொடுத்த சைக்கிளில் மூன்று பேராக வரிசைகட்டி, வழியை அடைத்துக்கொண்டு, கதை பேசியபடி போகிறார்கள். ஒழிய வேண்டியதெல்லாம் ஒழிந்துவிட்டது, நல்லதுதான். அப்பாவும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, என் பின்னால் உட்கார்ந்து, ஒரு தடவைகூட அவர் வரவே இல்லை.